யந்திரம் படிப்பதற்கேற்ற பிரதி

"பல் வைத்தியர்" என்று அச்சிட்ட பக்கம் ஒன்றை ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, அந்தப் படத்தை எழுத்துணரும் மென்பொருளிடம் கொடுத்தால், அது "பல வைத்தியர்" என்று திருப்பித் தருவதுண்டு. பிழை மிகச் சிறியது. லகரத்தின் தலைமேல் இருந்த ஒரு புள்ளி யந்திரத்தின் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் புள்ளி போனவுடன் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, ஒரு வைத்தியர் பல வைத்தியராகிவிட்டார். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "பல்" என்பதும் சொல். "பல" என்பதும் சொல். ஆதலால் சொற்பிழை திருத்தும் ஏற்பாடு எதுவும் இதைப் பிழையென்று காட்டிக் கொடுக்காது.

நேயர்களில் அநேகர் இப்பொழுது பழைய காகிதங்களை இவ்வாறு படமெடுத்து எழுத்தாக மாற்றி வருகிறார்கள். ஒருவர் கையில் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கும். மற்றொருவர் ஒரு சங்கத்தின் ஐம்பது ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகளைக் காப்பாற்ற முயல்வார். நூலகங்களில் பழைய மாதப் பத்திரிகைகள் தூளாகிக்கொண்டிருக்கின்றன. படமாக மட்டும் எடுத்து வைத்தால் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம், தேட முடியாது. எழுத்தாக மாறிவிட்டாலோ, ஆயிரம் பக்கங்களுக்குள் ஒரு பெயரையோ ஒரு சர்வே எண்ணையோ நொடியில் கண்டுபிடிக்கலாம். இந்த வசதியே அபாயமும் ஆகிறது. 168 என்ற சர்வே எண்ணை யந்திரம் 188 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பின்னால் அதைத் தேடுகிறவருக்கு "இல்லை" என்ற விடைதான் கிடைக்கும். காகிதத்தில் இருப்பது இல்லையென்று ஆகிவிடும். அப்படி ஆயிற்று என்பதையும் ஒருவரும் அறியமாட்டார்.

மறுபடியும் படமெடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். எப்பொழுதும் அது முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பரவலான மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் தங்கியிருக்கிறது. நாள் ஆக ஆக அது பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்து, விரல் பட்டாலே உதிர்கிறது. அத்தகைய ஏட்டை ஒரு முறை பிரித்து வைப்பதே அதற்குச் செய்யும் கொடுமை. முதல் முறை எடுக்கும் படமே கடைசிப் படமாகவும் ஆகிவிடலாம்.

எழுத்து தவறாக வந்தால் பெரும்பாலோர் மென்பொருளைக் குறை கூறுவார்கள். ஓரளவு அது நியாயமே. ஆயினும், மென்பொருள் பார்ப்பது காகிதத்தை அன்று, படத்தையே. படத்தில் இல்லாத புள்ளியை எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளும் படிக்க முடியாது. ஆகவே படமெடுக்கும்பொழுது நாம் ஸ்கேனரில் செய்யும் ஏற்பாடுகள் எவை, ஒவ்வொன்றும் எழுத்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, நுணுக்கம். ஸ்கேனர் ஒரு பக்கத்தை மிகச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து எழுதிக்கொள்கிறது. இந்தக் கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். கணிப்பொறிக்குள் முதன்முதலாக இவ்விதம் ஒரு புகைப்படத்தைச் செலுத்தியவர் அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் பணியாற்றிய ரஸல் கிர்ஷ் என்பவர். 1957-ல் அவர் எடுத்துக்கொண்டது தம் கைக்குழந்தையின் படம். ஐந்து சென்டிமீட்டர்ச் சதுரத்தை அவருடைய கருவி நெடுக்கில் 176, குறுக்கில் 176 கட்டங்களாகப் பிரித்தது. அங்குலக் கணக்கில் ஏறத்தாழத் தொண்ணூறு. குழந்தையின் முகத்தைக் கண்டுகொள்ள அது போதுமானதாக இருந்தது. எழுத்தைப் படிக்க அது போதாது.

ஏன் போதாது என்பதைப் புள்ளியை வைத்தே கணக்கிடலாம். சாதாரணப் புத்தக எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவு உடையது என்று கொள்வோம். அங்குலத்துக்கு 100 பிக்சல் என்ற கணக்கில் படமெடுத்தால், அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது குறுக்கே இரண்டு பிக்சல். மொத்தம் நான்கு, அதுவும் கட்டங்களுக்குள் நேராக விழுந்தால்தான். விலகி விழுந்தால் சாம்பல் பூத்த ஒரு கறையாகிவிடும். 150 என்று வைத்தால் குறுக்கே மூன்று. 300 என்று வைத்தால் ஆறு. அப்பொழுது புள்ளியின் பரப்பில் சுமார் முப்பது பிக்சல்கள் அடங்கும். இதுவே புள்ளி, புள்ளியாகத் தெரியும் எல்லை. டெஸராக்ட் என்ற மென்பொருள் 1980களில் ஹ்யூலெட்-பக்கார்ட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கி, 2005-ல் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது, தமிழையும் படிப்பது. அதன் குறிப்புகளும் அங்குலத்துக்குக் குறைந்தது 300 வேண்டும் என்றே கூறுகின்றன.

நம் நாட்டு எழுத்துக்களுக்கு 300 என்பது கீழ் எல்லை என்றே நான் கருதுகிறேன். ஆங்கிலத்தில் "ஐ" எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் படிப்பதற்குப் பெரிய நஷ்டமில்லை. இந்திய லிபிகளிலோ, புள்ளி ஓர் எழுத்தையே மாற்றுகிறது. வங்காள லிபியில் பகரத்துக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை கீழே இடும் ஒரு புள்ளிதான். உருது எழுத்தில், சொல்லின் நடுவே வரும் ஒரே வடிவம் மேலே ஒரு புள்ளி பெற்றால் நகரம், மேலே இரண்டு பெற்றால் தகரம், கீழே ஒன்று பெற்றால் பகரம். தேவநாகரியில் தலைக்கோட்டுக்கு மேல் நிற்கும் புள்ளி மூக்கொலியைச் சேர்க்கிறது. ஆகவே அடிக்குறிப்புகள், பஞ்சாங்கம், அகராதி, பழைய அரசிதழ் போன்ற பொடியெழுத்துப் பக்கங்களுக்கு 400 வைப்பது நலம். மிகப் பொடி எழுத்தானால் 600.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 600 வைத்துவிட்டால் என்ன? நுணுக்கம் இரண்டு மடங்கானால் பிக்சல்கள் நான்கு மடங்காகின்றன. ஏ-4 அளவுக் காகிதம் ஒன்று 300-ல் 87 லட்சம் பிக்சல். 600-ல் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம். ஸ்கேனர் மெதுவாக நகரும், சேமிப்பு இடம் நிரம்பும், எழுத்துணரி தாமதிக்கும். பெரிய, தெளிவான எழுத்தில் இவ்வளவுக்கும் பலன் ஒன்றுமிராது. காகிதத்தின் நாரும் தூசியும் இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவே. வேறொன்றையும் எச்சரித்துவிட வேண்டும். சில கருவிகளின் பெட்டியில் 4800, 9600 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். கண்ணாடியும் உணர்கருவியும் மெய்யாகவே அளக்கும் எண் வேறு. அளந்தவற்றுக்கிடையே கணக்குப் போட்டு இட்டு நிரப்பும் எண் வேறு. முன்னதை ஒளியியல் நுணுக்கம் என்பார்கள். நமக்கு வேண்டியது அது ஒன்றே. இட்டு நிரப்பிய பிக்சல்களில் புதிய செய்தி எதுவும் இல்லை.

இரண்டாவது ஏற்பாடு நிறத்தைப் பற்றியது. இதில்தான் அதிகமான பிரதிகள் கெடுகின்றன. ஸ்கேனர் மூன்று வழிகளைக் காட்டும்: கறுப்பு-வெள்ளை, சாம்பல் நிறம், வண்ணம். அச்சுப் பக்கத்தில் இருப்பது கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமும்தானே, கறுப்பு-வெள்ளையே பொருத்தம் என்று நினைப்பது இயல்பு. கோப்பும் சாம்பல் நிறக் கோப்பில் எட்டில் ஒரு பங்குதான். கண்ணுக்கும் அது பளிச்சென்று இருக்கும். ஆனால் கறுப்பு-வெள்ளை முறையில் ஸ்கேனர் ஒவ்வொரு பிக்சலுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் வெளிச்சமானால் வெள்ளை, கீழானால் கறுப்பு, இடையில் ஒன்றுமில்லை. ஒரு முறை தீர்ப்பான பிறகு மேல்முறையீட்டுக்கு இடமே கிடையாது.

அந்த எல்லை சற்று இருட்டின் பக்கம் சாய்ந்தால், மங்கிய மையெல்லாம் வெள்ளையில் சேர்ந்துவிடும். மெல்லிய கோடுகள் அறுபடும், புள்ளிகள் மறையும். வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தால், பழுப்பேறிய காகிதமும் கறுப்பில் சேரும். எழுத்தின் சுழிகள் அடைபடும். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் உள்ள வேற்றுமை அந்தச் சிறிய வெள்ளை வெளிகளில்தான் இருக்கிறது. அவை அடைபட்டால் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டி. ஒரே பக்கத்தில் ஓரம் பழுப்பாகவும் நடு வெளுப்பாகவும் இருந்தால், பக்கம் முழுவதற்கும் பொருந்தும் எல்லை என்று ஒன்று இருக்கவே முடியாது. முன்னே கூறிய கிர்ஷ் இதை முதலிலேயே உணர்ந்தார். அவருடைய கருவிக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். ஆகவே எல்லையை மாற்றி மாற்றிப் பல தடவை அளந்து, அவற்றைச் சேர்த்துச் சாம்பல் நிறத்தைப் பெற்றார்.

சாம்பல் நிற முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 படிகள் உண்டு. தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. பிறகு மென்பொருள் நிதானமாக எல்லையை நிர்ணயிக்கலாம். அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. பக்கத்திலுள்ள வெளிச்ச அளவுகளின் பரவலைப் பார்த்து எல்லையைத் தானே தேர்ந்துகொள்ளும் முறை ஒன்றை ஜப்பானியரான ஓட்ஸு 1979-ல் வெளியிட்டார். பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் சூழ்நிலைக்கேற்ப வெவ்வேறு எல்லை வகுக்கும் முறைகளும் பின்னர் வந்தன. கறை படிந்த ஏடுகளுக்கு அவையே ஏற்றவை. ஒரு முறை சரிப்படாவிட்டால் மற்றொன்றைப் பார்க்கலாம். கறுப்பு-வெள்ளைக் கோப்பில் இந்தச் சுதந்திரம் எதுவும் இல்லை. சாதாரண அச்சுப் பக்கத்துக்குச் சாம்பல் நிறமே என் சிபாரிசு.

வண்ண முறை எப்பொழுது வேண்டும்? பத்திரங்களுக்கும் அலுவலகக் கடிதங்களுக்கும் வேண்டும். அவற்றில் எழுத்தின் மேலேயே சிவப்பிலோ ஊதாவிலோ ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். சாம்பல் நிறப் படத்தில் முத்திரையும் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வண்ணப் படத்திலோ, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளும் தனித்தனியே இருக்கின்றன. சிவப்பு அளவை மட்டும் எடுத்துப் பார்த்தால், சிவப்பு முத்திரை காகிதத்தைப் போலவே வெளிச்சமாகத் தோன்றி மறைந்துவிடும். கறுப்பு எழுத்து மட்டும் நிற்கும். சிவப்புக் கண்ணாடி வழியே சிவப்பு மையைப் பார்த்தால் தெரியாதல்லவா, அதே தத்துவம். பழுப்புக் கறை படிந்த ஏட்டிலும் சிவப்பு அளவில் கறை வெளுத்துத் தோன்றும். நீல அளவில் அது மேலும் கறுக்கும். முத்திரையும் சாட்சியம் ஆதலால் அதைப் படத்திலிருந்து நீக்கிவிடச் சொல்லவில்லை. மூலப் படம் வண்ணத்தில் இருக்கட்டும். எழுத்துணரிக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

மூன்றாவதாக, ஸ்கேனர் தானாக முன்வந்து செய்யும் உபகாரங்கள். எழுத்தைக் கூர்மையாக்குகிறேன், பின்புலத்தை வெளுக்கிறேன், புழுதிப் புள்ளிகளை அகற்றுகிறேன் என்று அதன் பட்டியலில் பல இருக்கும். இவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். முக்கியமாக, புழுதி நீக்கும் ஏற்பாடு எங்கிருந்தோ வந்து ஒட்டிய தூசியையும், மெய்யெழுத்தின் புள்ளியையும் எப்படிப் பிரித்தறியும்? இரண்டும் சிறியவை, இரண்டும் தனித்து நிற்பவை, இரண்டும் கறுப்பு. அது இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். தூசியை விட்டுவைத்தால் "பல" என்பது "பல்" ஆகலாமே என்று கேட்கலாம், ஆகலாம்தான். ஆனால் வந்து சேர்ந்த தூசியைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். போன புள்ளியைக் கண்டுபிடிக்க மூல ஏட்டுக்குத்தான் போக வேண்டும்.

தூசியை நீக்க நல்ல வழி கண்ணாடியைத் துடைப்பதே. காகிதத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர்களில் இது மிகவும் அவசியம். அவற்றில் உணர்கருவி நிலையாக இருக்கும், காகிதம் நகரும். ஆகவே கண்ணாடியில் ஒட்டிய ஒரே ஒரு துகள் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கோடாக இறங்கும். தமிழில் அந்தக் கோடு எந்த எழுத்தை அடுத்து விழுகிறதோ, அதற்குக் கால் முளைத்துவிடும்.

பக்கத்தை வைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பாகை சாய்வு கண்ணுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள வரியில், ஒரு பாகைச் சாய்வு வரியின் முடிவை இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்கிவிடும்; அதாவது புத்தக எழுத்தின் உயரத்தில் முக்காற்பங்கு. ஒரு வரியின் கொம்பும் அடுத்த வரியின் புள்ளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மென்பொருள் நிமிர்த்திக்கொள்ளும் என்றாலும், நேராக வைத்த பக்கத்துக்கு அது ஈடாகாது. மெல்லிய காகிதமானால் பின்பக்கத்து எழுத்தும் நிழலாகத் தெரியும்; தட்டச்சுக் கார்பன் பிரதிகளில் இது பெருந்தொல்லை. பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் பின்னிருந்து திரும்பும் வெளிச்சம் குறைந்து, நிழலெழுத்து அடங்கிவிடும். செலவில்லாத உபாயம் இது. தடித்த புத்தகத்தை ஸ்கேனரில் அழுத்திப் பிடித்தால் தைத்த முதுகு பிளக்கும். அத்தகைய நூலை மேலிருந்து காமிராவால் எடுப்பதே மேல்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். நெடுக்கில் 4000, குறுக்கில் 3000 பிக்சல் உள்ள படத்தில் ஏ-4 பக்கம் ஒன்று சட்டம் முழுவதையும் நிறைத்தால், அங்குலத்துக்கு உத்தேசம் 340 கிடைக்கும். பக்கம் பாதிச் சட்டத்தைத்தான் நிறைக்கிறது என்றால் எண்ணும் பாதியாகும். கை நடுக்கமும் கை நிழலும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

இனிச் சேமிக்கும் முறை. ஜேபெக் என்ற முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாதென்று தான் நினைக்கும் விவரங்களைக் கைவிடுகிறது. முகங்களுக்கும் மலைகளுக்கும் அது பொருந்தும். எழுத்தின் கூரிய ஓரத்திலோ, அழுக்கு நீர் பரவியது போன்ற ஒரு கலக்கத்தை உண்டாக்கும். தரத்தை உயர்த்தி வைத்தால் பாதகமில்லை. ஆயினும் மூலப் பிரதியை டிஃப், பி.என்.ஜி. போன்ற, எதையும் இழக்காத முறைகளிலேயே வைக்க வேண்டும்.

இதைவிடப் பயங்கரமானது வேறொரு வகைச் சுருக்கம். ஜேபிக்-2 என்ற முறையில், பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலெல்லாம் அதையே திரும்பப் பதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீஸல் என்ற கணிப்பொறி நிபுணர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர் ஒன்றில் படமெடுத்ததைப் பற்றி எழுதினார். வரைபடத்தில் ஓர் அறையின் பரப்பு 21.11 சதுர மீட்டர். படத்தில் அது 14.13 ஆகியிருந்தது. 14.13 என்பது பக்கத்து அறையின் பரப்பு. எழுத்துணரியே அங்கு ஈடுபடவில்லை. படமே பொய் சொல்லிற்று. மங்கலாக இருந்தால் சந்தேகிப்போம். எண்ணோ தெளிவாக, அழகாக அச்சிட்டதுபோல் நின்றது. மற்றத் தாள்களில் 6 என்ற இலக்கம் 8 ஆனதையும் அவர் காட்டினார். அந்நிறுவனம் பின்னர்த் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. கணக்கும் நில அளவும் உள்ள காகிதங்களைப் படமெடுக்கும்பொழுது "மிகச் சிறிய பி.டி.எஃப்." போன்ற ஏற்பாடுகளை நாடாதிருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

ஸ்கேனரின் ஏற்பாடுகளால் தீராத விஷயங்களும் உண்டு. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்ற எழுத்துக்கள் யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் இருக்கும். ணா, றா, னா என்பவையும் தனி வடிவம் உடையவை. புதிய எழுத்தில் மட்டும் பயின்ற மென்பொருள் இவற்றைக் கண்டு திகைக்கும். படம் எவ்வளவு தெளிவானாலும் திகைக்கும். நம் முன்னோர் ஓலையில் பெரும்பாலும் புள்ளியே இடாமல் எழுதினார்கள். படிப்பவர் பொருளை நோக்கிச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பயிற்சி யந்திரத்துக்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. மொழியைக் குறிப்பிடும் ஏற்பாட்டில் தமிழ் என்றும், ஆங்கிலம் கலந்த பக்கமானால் இரண்டையும் என்றும் சொல்லி வைப்பது மட்டுமே நாம் செய்யக்கூடியது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. கட்டில் உள்ள நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகவும் மங்கிய, கறை படிந்த, பொடியெழுத்துள்ள பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 300, 400 என்ற இரு நுணுக்கங்களிலும், சாம்பல் நிறத்திலும் வண்ணத்திலும் அதைப் படமெடுத்து, எழுத்தாக மாற்றி, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றொருவர் பிழைகளை எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்றால் பிரமாதம் என்று தோன்றும். இரண்டாயிரம் எழுத்துள்ள பக்கத்தில் அது இருபது பிழை. அந்த இருபதும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். புள்ளிகளில் விழுந்தால் நுணுக்கத்தை உயர்த்த வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் குவிந்தால் சாய்வையும் வளைவையும் கவனிக்க வேண்டும். கறை உள்ள இடத்தில் விழுந்தால் வண்ணத்தில் எடுத்துச் சிவப்பு அளவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே எழுத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால், அது பெரும்பாலும் பழைய வடிவத்தின் தொல்லை, ஸ்கேனரை விட்டுவிடலாம்.

பெயர்களையும் எண்களையும் மட்டும், சோதனை எப்படி முடிந்தாலும், ஒரு மனிதர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும். எழுத்தாக்கிய பிரதியோடு மூலப் படத்தையும் பக்க எண் இட்டுச் சேர்த்தே வையுங்கள். அடுத்த பத்தாண்டில் இன்னும் நன்றாகப் படிக்கும் மென்பொருள் வரும்பொழுது அதனிடம் கொடுக்கவேண்டியது அந்தப் படத்தைத்தான்.